நாற்பதும் பிடித்த பாட்டு, சேர்த்துக் கேட்டால் ஏன் திகட்டுகிறது?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது மென்பொருள் பற்றிய கேள்வி. பிடித்த எலெக்ட்ரானிக், சின்த் (சின்தசைசர் என்ற மின்னணுக் கருவியில் வாசித்த) பாடல்கள் நாற்பதை ஒரே தொடராக, ஒரு மிக்ஸாக, சேர்த்திருக்கிறீர்கள், அதில் பாதிக்கு மேல் சின்த்வேவ். ஒவ்வொன்றுக்கும் பிபிஎம்மும் (நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற எண்) சுருதியும் கண்டுபிடித்து, வேகம் குறைந்ததில் தொடங்கி கூடியது வரை வரிசையாக அடுக்கி, சுருதி ஒத்துப்போகிறவற்றை அடுத்தடுத்து வைத்து, எல்லா இணைப்புக்கும் பத்து விநாடி கிராஸ்ஃபேடும் (ஒரு பாட்டு தேயும்போதே அடுத்தது எழும் கலப்பு) போட்டாயிற்று. விதிப்படி எல்லாம் சரி. ஆனாலும் இருபத்தைந்து நிமிடம் தாண்டினால் ஒரே பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கிறது, எந்த மென்பொருளுக்கு மாறினால் இது சரியாகும் என்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: தனித்தனியாகக் கேட்டால் சலிக்காத பாட்டுகள், சேர்ந்தவுடன் ஏன் சலிக்கின்றன? மென்பொருளை மாற்றினால் இது தீராது. அதைப் பற்றிக் கடைசியில் நாலு வரி சொல்கிறேன்.

ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் பதினெட்டு வருடமாக என் தொழில். வருடத்துக்கு ஒன்றிரண்டு மிக்ஸ் எனக்காகவும் நண்பர்களுக்காகவும் செய்கிறேன். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நின்று வாசிக்கிற டிஜே இல்லை. ஆடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து அடுத்த பாட்டைத் தீர்மானிப்பது தனிக் கலை, அதைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. ஹெட்ஃபோனோடு தனியாக உட்கார்ந்து கேட்கிற ஒருவருக்கான மிக்ஸ் பற்றி மட்டும்தான் இந்தப் பதில். இதில் சில விஷயங்கள் வெறும் கணக்கு, யார் போட்டாலும் ஒரே விடைதான் வரும். மற்றவை என் காதின் பழக்கம். எது எந்த ரகம் என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அனுபவத்தில் காது முதலில் அலுத்துப்போவது வேகத்தினால் இல்லை, சுருதியினாலும் இல்லை. ஒலியின் நிறத்தினால். இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்ப காலத்தில் 118-லிருந்து 124 வரை பிபிஎம் உள்ள பதினாறு பாட்டை எடுத்து, ஒன்றோடொன்று சேருகிற சுருதியாகப் பொறுக்கி, எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாதபடி இழைத்து வைத்தேன். இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை. பெருமையோடு ஒரு நண்பரிடம் கொடுத்தேன். இருபது நிமிடம் கழித்து அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "முதல் பாட்டே இவ்வளவு நீளமா இருக்கே, எப்ப முடியும்?" என்றார். அவர் அப்போது ஐந்தாவது பாட்டில் இருந்தார்.

சின்தசைசர் எந்த ஒலியையும் உண்டாக்கக் கூடிய கருவி என்பார்கள். கொள்கையளவில் சரிதான். நடைமுறையில் ஒவ்வொரு காலகட்டத்திலும் எல்லோர் கையிலும் இருந்தவை அதே நாலைந்து பெட்டிகள். யமஹா 1983-இல் டிஎக்ஸ்7-ஐக் கொண்டுவந்தது. ஜான் சௌனிங் 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் கண்டுபிடித்த, ஒரு அலையால் இன்னொன்றின் அதிர்வெண்ணை ஆட்டி ஒலி உண்டாக்கும் எஃப்எம் முறையில் இயங்கிய கருவி அது. அதில் சொந்தமாக ஒரு ஒலியை அமைப்பது பெரும் பாடு. அதனால் பெட்டியோடு வந்த ஒலிகளையே பலரும் அப்படியே எடுத்து வாசித்தார்கள். 80-களின் நடுவில் வந்த மெதுவான பாடல்கள் பலவற்றில் கண்ணாடி மணி மாதிரி அதே எலெக்ட்ரிக் பியானோ கேட்பதற்குக் காரணம் இதுதான். தாளத்துக்கும் இதே கதை. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தில் எல்லா ஒலியும் அனலாக் மின்சுற்றிலிருந்து பிறந்தவை. 1983-இல் வந்த 909-இல் ஹை-ஹாட்டும் சிம்பலும் பதிவுசெய்த நிஜ ஒலிகள், மற்றவை அனலாக். நடன இசையின் பெரும்பகுதி இன்றைக்கும் இந்த இரண்டின் கிக்கையும் (பெரிய டிரம்மின் தாழ்ந்த அடி) கிளாப்பையும் (கைதட்டல் ஒலி) சுற்றித்தான் ஓடுகிறது. 90-களின் பிற்பகுதியில் ரோலண்ட் ஜேபி-8000 'சூப்பர்சா' என்ற ஒலியைக் கொண்டுவந்தது. ஒரே சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சம் பிசகவிட்ட ஏழு அலைகளாக ஒன்றாக ஒலிக்கவைக்கும் ஏற்பாடு அது. டிரான்ஸ் இசை முழுக்க அந்த ஒலி பரவிவிட்டது.

சின்த்வேவில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அந்த வகையே 80-களின் குறிப்பிட்ட சில ஒலிகளைத் திரும்பக் கொண்டுவரும் ஆசையில் பிறந்தது. எதிரொலியைப் பெரிதாக்கிச் சட்டென்று வெட்டிவிடுகிற ஸ்னேர் டிரம், பதினாறாகப் பிரிந்து ஓடும் பேஸ் (கீழ்ச்சுர வரிசை), மேலே பளபளக்கும் ஒரு லீட் (மெட்டை வாசிக்கும் ஒலி), பின்னால் பரந்து கிடக்கும் பேட் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி). தனியாகக் கேட்டால் அந்த நாலும் சேர்ந்துதான் சுகம். அடுத்தடுத்து ஆறு பாட்டில் அதே நாலும் வந்தால் மெட்டு மாறியது மனத்தில் பதிவதே இல்லை. ஒரே சட்டை போட்ட ஆறு பேர் வரிசையாக நடந்து போனால் முகம் எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

நிறம் என்று சொல்வது கவிதைக்காக இல்லை, அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. பழைய சின்தசைசர்களின் அடிப்படை ஒலிகளில் சாடூத் அலையில் எல்லா ஹார்மோனிக்குகளும் (அடிச்சுரத்தின் மடங்குகளாக மேலே சேரும் துணை ஒலிகள்) இருக்கும், அதனால் கூர்மையாக, பித்தளை மாதிரி ஒலிக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும், உள்ளே குடைவான ஒரு ஒலி. முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான், ஆனால் மேலே போகப் போக அவை வேகமாகத் தேய்ந்துவிடும், ஏறக்குறைய புல்லாங்குழல் போல மென்மையாக இருக்கும். மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. ஃபில்டரை (மேல் ஒலிகளை வடிகட்டும் பகுதி) நன்றாகத் திறந்துவிட்ட சாடூத் லீட் அந்த இடத்தில்தான் கனமாக விழுகிறது. இப்படிப்பட்ட நாலு பாட்டு தொடர்ந்து வந்தால் கேட்பவர் தன்னை அறியாமல் ஒலியளவைக் குறைப்பார். குறைத்தவுடன் பேஸ் காணாமல் போகும், ஏனென்றால் ஒலி குறையக் குறைய கீழ்ச்சுரங்கள் நம் காதில் மற்றவற்றைவிட அதிகமாகத் தேய்கின்றன. ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம் இது. பேஸ் போன எலெக்ட்ரானிக் பாட்டு சப்பென்று இருக்கும். உங்கள் இருபத்தைந்தாவது நிமிடத்தில் இதுதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே புகாரோடு என்னிடம் வந்த மிக்ஸ்களில் பெரும்பாலானவற்றில் இதுதான் நடந்தது.

என்ன செய்யலாம்? மென்பொருள் காட்டும் எண்களை மூடி வைத்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் நடுவிலிருந்து ஒரு நிமிடம் மட்டும் கேட்டு மூன்று விஷயம் எழுதுங்கள். முன்னால் நிற்பது என்ன: குரலா, லீடா, சுரங்களை ஒவ்வொன்றாக உருட்டி ஓடுகிற ஆர்பெஜியோவா, பரந்த பேடா? கிக் எப்படி: காய்ந்த குட்டை அடியா, நீண்டு அதிர்வதா, கிக்கே இல்லையா? வெளிச்சம் எவ்வளவு: பளீரா, மங்கலா, இருட்டா? அரை நாளில் முடிந்துவிடும். அப்புறம் வரிசை போடும்போது நான் வைத்திருக்கும் ஒரே விதி, பக்கத்துப் பக்கத்துப் பாட்டுகளில் இந்த மூன்றில் ஒன்று ஒட்ட வேண்டும், இரண்டு மாற வேண்டும். மூன்றும் ஒட்டினால் என் நண்பருக்கு நேர்ந்தது நேரும். மூன்றும் மாறினால் வானொலி நிலையத்தை மாற்றியது போல இருக்கும். சில நேரம் அந்த அதிர்ச்சியே வேண்டியிருக்கும், அது வேறு. இந்த விதிக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. பழக்கத்தில் வந்தது.

குரல் உள்ள பாட்டுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். காது ஓய்வெடுக்க உட்காரும் திண்ணை அவைதான். டோனா சம்மர் பாடி 1977-இல் வந்த 'ஐ ஃபீல் லவ்' பாட்டை தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லோட்டும் ஏறக்குறைய முழுக்க மூக் சின்தசைசரிலேயே கட்டினார்கள். ஆனால் அந்த மூக் கருவியிலிருந்து திருப்தியான கிக் வரவில்லை என்று கிக்கை மட்டும் கீத் ஃபோர்ஸி என்ற டிரம்மரை வைத்து வாசிக்கச் சொன்னார்கள். நாம் 'முழு இயந்திரம்' என்று நினைத்துக் கேட்கிற அந்தப் பாட்டில் ஒரு மனிதக் காலும் ஒரு மனிதக் குரலும் இருக்கின்றன. என் மிக்ஸ்களில் மூன்று நாலு வாத்தியப் பாட்டுக்கு ஒரு குரல் வந்தே ஆகும். வோக்கோடர் (குரலைச் சின்த் ஒலியாக மாற்றும் கருவி) வழியாக வரும் குரல் இந்தக் கணக்கில் சேருமா என்று கேட்டால், என் காது சேர்க்காது. நிறத்தில் அது இன்னொரு சின்த்தான்.

இனி வேகம். மெதுவிலிருந்து வேகத்துக்கு நேராக ஏறுகிற வரிசை, காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கும். கேட்கிறவருக்கு அது முடிவே இல்லாத ஏணி. 90-இல் தொடங்கி 140-இல் முடித்தால் ஒவ்வொரு பாட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் அவசரமாக இருக்கும், எங்கேயும் இறங்கி மூச்சு வாங்க முடியாது. மூன்று நாலு பாட்டு ஏறி, ஒரு பெரிய இறக்கம், மறுபடி ஏற்றம் என்று அலையாகப் போட்டுப் பாருங்கள். இறங்குவதற்கு எண்களில் ஒரு வசதியும் இருக்கிறது: 174 பிபிஎம் பாட்டும் 87 பிபிஎம் பாட்டும் ஒரே தாளத்தில்தான் நிற்கின்றன, ஒன்று மற்றதன் சரிபாதி. 120-லிருந்து 80-க்கும் இறங்கலாம், 120-இன் மூன்று அடியும் 80-இன் இரண்டு அடியும் சரியாக ஒன்றரை விநாடி. மென்பொருள் இந்த இரட்டிப்பு விஷயத்தில் அடிக்கடி ஏமாறும். உங்கள் பட்டியலில் 172 என்று காட்டும் பாட்டுக்குத் தலை ஆட்டிப் பாருங்கள், தலை 86-க்கு ஆடினால் அது 86-தான்.

வேகத்தை எவ்வளவு மாற்றலாம் என்பது சுத்தக் கணக்கு. சுருதியைப் பூட்டாமல் வேகத்தை ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் பாட்டு அரைச் சுரம் மேலே போகும். 124-ஐ 128 ஆக்குவது 3.2 சதவீதம், அதாவது அரைச் சுரத்தில் பாதிக்குச் சற்றே அதிகம். தனியாகக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இன்னொரு பாட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்போது சுருதி பிசகியது பல்லில் மணல் மாதிரி உறுத்தும். சுருதியைப் பூட்டிவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஆனால் நாலைந்து சதவீதத்துக்கு மேல் இழுத்தால் டிரம் அடியின் முனை மழுங்குவது என் காதுக்குக் கேட்கிறது. இன்னொன்று, பிபிஎம்மின் தசம எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். 120-ம் 120.5-ம் ஒன்றாக 32 விநாடி ஓடினால் முடிவில் 0.13 விநாடி விலகியிருக்கும். ஒரு அடியே அரை விநாடிதான் என்பதால் அது கால் அடி பிசகு, கிக் 'தடக் தடக்' என்று குதிரை ஓடுவது போலக் கேட்கும். சீக்வென்சர் (சுரங்களைத் தானாக, சீரான வேகத்தில் வாசிக்கவைக்கும் கருவி) வராத காலத்துப் பதிவுகளிலும், ஆள் உட்கார்ந்து டிரம் வாசித்த பாட்டுகளிலும் பாட்டுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும். அவற்றை நீளமாக இன்னொன்றின் மேல் ஓட்டப் பார்க்காமல் வெட்டிச் சேர்ப்பதுதான் நிம்மதி.

சுருதி பற்றிக் கேட்டிருந்தீர்கள், நீங்கள் செய்தது தப்பில்லை. கேம்லாட் சக்கரம் என்று நீங்கள் வைத்திருக்கும், சுருதிகளை எண்ணிட்டு வட்டமாக அடுக்கும் முறைக்குப் பின்னால் சரியான இசைக் கணக்கு இருக்கிறது. ஏ மைனருக்கு 8ஏ, சி மேஜருக்கு 8பி. இரண்டுக்கும் ஏழு சுரங்களும் ஒன்றே. சக்கரத்தில் ஒரு எண் தள்ளி இருக்கும் ஸ்கேல்களுக்கு ஏழில் ஆறு சுரம் பொது. அதனால் ஒன்றின் மெட்டு இன்னொன்றின் மேல் ஓடினாலும் மோதாது. ஆனால் இது தேவைப்படுவது இரண்டு பாட்டின் மெட்டுகளும் ஒன்றாக ஒலிக்கிற இடத்தில் மட்டும். வெறும் டிரம் ஓடும்போது மாற்றினால், அல்லது ஒரு பாட்டு முழுசாக முடிந்து அடுத்தது தொடங்கினால், சுருதிப் பொருத்தம் பார்ப்பதில் பெரிய அர்த்தம் இல்லை. சொல்லப்போனால் ஏ மைனரில் முடிந்ததற்கு அரைச் சுரம் மேலே பி ஃப்ளாட் மைனரில் ஒன்றை வைத்தால் திடீரென்று விளக்கு போட்டது போல இருக்கும். சக்கரம் அதை 3ஏ என்று எங்கேயோ தள்ளி வைத்திருக்கும், நீங்கள் தேடியே பார்த்திருக்க மாட்டீர்கள். தவிர, மென்பொருளின் கணிப்பையும் முழுசாக நம்ப வேண்டாம். ஒரே ஒரு பேஸ் சுரமும் டிரம்மும் மட்டும் ஓடும் டெக்னோ பாட்டில் மேஜரா மைனரா என்று முடிவுசெய்யும் மூன்றாம் சுரமே இருக்காது. மென்பொருள் ஏதோ ஒன்றைச் சொல்லியாக வேண்டுமே என்று சொல்கிறது. ஒரு கீபோர்டில் அந்தச் சுரத்தைத் தட்டிப் பார்ப்பதுதான் சரிபார்க்கும் வழி.

உங்கள் மிக்ஸில் ஒரு இடத்தில் மட்டும் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். அந்தப் பத்து விநாடி கிராஸ்ஃபேட். 120 பிபிஎம்மில் ஒரு அடி அரை விநாடி, நாலு அடி கொண்ட ஒரு பார் இரண்டு விநாடி. பத்து விநாடி என்றால் ஐந்து பார். இந்த வகைப் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார்களாகத்தான் நகர்கின்றன. எட்டாவது பார் முடிகிற இடத்தில்தான் புதிய ஒலி வரும், டிரம் நிற்கும், பேஸ் திரும்பும். ஐந்தாவது பாரில் மாற்றினால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவில் இன்னொருவர் பேச ஆரம்பிப்பது போல ஆகிறது. 100 பிபிஎம்மில் இன்னும் மோசம், பத்து விநாடிக்கு பதினாறே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், முழு அடியில்கூட முடியாது. விநாடியை மறந்துவிட்டுப் பார்களை எண்ணுங்கள். 120-இல் எட்டு பார் 16 விநாடி, பதினாறு பார் 32 விநாடி. போகிற பாட்டின் கடைசிப் பதினாறு பார்களும் வருகிற பாட்டின் முதல் பதினாறும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதி வேலை பேஸ். இரண்டு கிக்கும் இரண்டு பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்று மற்றதைக் கூட்டும் அல்லது அடித்துக் குறைக்கும், எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வருகிற பாட்டில் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை இக்வலைசரில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். எட்டாவது பார் முடிகிற இடத்தில் ஒன்றின் பேஸை இறக்கி மற்றதன் பேஸை ஏற்றுங்கள். கேட்பவருக்கு அந்த ஒரு நொடிதான் 'பாட்டு மாறியது', மற்றதெல்லாம் முன்னுரை. மென்பொருளில் கிராஸ்ஃபேடின் வளைவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நேர்கோடு வேண்டாம். இரண்டு வெவ்வேறு பாட்டுகளை நேர்கோட்டில் மாற்றினால் நடுவில் மொத்த ஒலி சுமார் 3 டெசிபல் பள்ளத்தில் விழும். 'ஈக்வல் பவர்' என்று இருப்பதை எடுத்தால் அந்தப் பள்ளம் வராது.

எல்லா இணைப்பையும் இப்படி இழைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று இணைப்புக்கு ஒருமுறை பாட்டைத் தன்னால் முடிய விடுங்கள். கடைசி எதிரொலி தேய்ந்து, ஒன்றரை இரண்டு விநாடி ஒன்றுமே இல்லாமல், பிறகு அடுத்தது. எலெக்ட்ரானிக் மிக்ஸில் மௌனம் என்றால் பலருக்குப் பயம். எனக்கு அதைவிட நல்ல இணைப்பு தெரியாது.

ஒலியளவைப் பற்றிச் சுருக்கமாக. 80-களில் வெளியான பதிவுக்கும் சமீபத்திய பதிவுக்கும் 8, 10 டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். 10 டெசிபல் என்பது காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். அலையின் உயரத்தைப் பார்த்துச் சமப்படுத்தினால் இது தீராது, ஏனென்றால் இரண்டும் உச்சத்தில் ஒரே உயரத்தைத் தொடும். எல்யூஎஃப்எஸ் என்ற அளவில் பார்க்க வேண்டும், அது காது உணரும் சத்தத்தை அளப்பது. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14-க்குக் கொண்டுவருகிறது, நீங்களும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். சத்தமான பாட்டை இறக்குங்கள், சத்தம் குறைந்ததை ஏற்றாதீர்கள். ஏற்றினால் உச்சங்கள் வெட்டுப்படும். எண்ணைச் சமப்படுத்திய பிறகும் காதுக்கு ஒன்று தூக்கலாகத் தெரிந்தால் காதை நம்பி ஒரு டெசிபல் குறையுங்கள். பளீரென்ற பாட்டுகளுக்கு எனக்கு அடிக்கடி அப்படிச் செய்ய வேண்டி வருகிறது.

எந்தப் பதிப்பை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜெர்மன் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் 'ஆட்டோபான்' 1974-இல் ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டு 22 நிமிடத்துக்கு மேல் ஓடியது. அதே பாட்டு சிங்கிளாக வந்தபோது மூன்றரை நிமிடத்துக்குச் சுருங்கியது. இரண்டும் ஒரே பாட்டு என்று பட்டியலில் எழுதலாம், மிக்ஸில் இரண்டும் வேறு ஜீவன்கள். நடனத்துக்காக வெளியான பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுப் பதிப்புகளில் முன்னும் பின்னும் வெறும் டிரம் நீளமாக ஓடும், டிஜே இணைப்பதற்கென்றே விட்ட இடம் அது. வானொலிக்காக வெட்டிய பதிப்பில் அந்த இடம் இருக்காது. இணைப்பு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாட்டுக்கு நீளப் பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

சரி, நாற்பது பாட்டு. சராசரி நாலு நிமிடம் வைத்தாலும் இரண்டு மணி நாற்பது நிமிடம். இது மிக்ஸ் இல்லை, சேமிப்புக் கிடங்கு. சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். தொழில்நுட்பம் போட்ட எல்லைதான், ஆனால் அதற்குள் அடக்கப் பழகியவர்கள் தற்செயலாக ஒரு நல்ல அளவைக் கற்றுக்கொண்டார்கள். நானும் 45-லிருந்து 60 நிமிடத்துக்குள் நிற்கிறேன், அதாவது பன்னிரண்டு பாட்டு. இருபத்தெட்டை வெளியே வைப்பது வலிக்கும். எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், முன்பு நோட்டில் எழுதிய மூன்று குறிப்பும் ஒரே மாதிரி இருக்கும் பாட்டுகளைக் குவியலாகச் சேர்த்து, குவியலுக்கு ஒன்று அல்லது இரண்டு மட்டும் எடுங்கள். மற்றவை அடுத்த மிக்ஸுக்கு. வரிசையைப் பொறுத்தவரை இதுதான் சரி என்று யாராவது சூத்திரம் சொன்னால் நம்பாதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான். நான் முதலில் கடைசிப் பாட்டைத் தேர்ந்தெடுப்பேன். பிறகு அதற்கு முந்தியது, பிறகு ஆரம்பம். ரொம்பப் பிடித்த பாட்டை முதலில் வைக்க மாட்டேன், கேட்பவரின் காது அந்த உலகத்துக்குப் பழக ஐந்தாறு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் போட்டால் பாட்டு வீண்.

சோதனை செய்யும்போது இணைப்புகளை மட்டும் கேட்டுத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். இந்தப் பழக்கத்தால் நான் கெடுத்த மிக்ஸ்கள் பல. ஒவ்வொரு இணைப்பும் கண்ணாடி போல இருக்கும், மொத்தத்தில் தொய்ந்து கிடக்கும். ஒருநாள் இடைவெளி விட்டு, திரையை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசி வரை வேறு வேலை செய்துகொண்டே கேளுங்கள். எந்த இடத்தில் கை தானாக ஃபோனுக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், கோளாறு பெரும்பாலும் அதற்கு இரண்டு பாட்டு முன்னால் இருக்கும். ஒருமுறை ஹெட்ஃபோனிலும், ஒருமுறை சாதாரண ஸ்பீக்கரில் குறைந்த சத்தத்திலும் ஓட்டிப் பாருங்கள்.

கடைசியில் மென்பொருள். நேரலை போல இரண்டு பாட்டையும் கையால் கலந்து பார்க்க மிக்ஸ்எக்ஸ், நிதானமாக வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. இரண்டும் இலவசம், மேலே சொன்ன எல்லாவற்றையும் இவற்றிலேயே செய்யலாம். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளில் வேகம் மாற்றும் தரம் கொஞ்சம் மேலாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முடித்ததும் முதலில் வேவ் கோப்பாக எழுதுங்கள், அதிலிருந்து ஒரே ஒரு முறை எம்பி3 ஆக்குங்கள். எம்பி3-ஐத் திறந்து திருத்தி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும், ஹை-ஹாட்டில்தான் முதலில் தெரியும். பன்னிரண்டு பாட்டையும் தனித்தனிக் கோப்பாக வைக்காமல் ஒரே நீளக் கோப்பாக வையுங்கள். எம்பி3 ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ப்பதால் சில ப்ளேயர்களில் இணைப்பு அறுந்து கேட்கும். பொதுவெளியில் ஏற்றும் எண்ணம் இருந்தால் பாட்டின் உரிமையாளர்கள் முடக்கிவிடலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாகக் குறைத்த பிறகு பட்டியலை எழுதினால் பார்க்கிறேன். கடைசிப் பாட்டு எது என்று முதலில் சொல்லுங்கள்.